கண்ணாடிக்கு இந்தப் பக்கம்

பெரியவனுக்கு,

ஃபோனில் பேசினால் குறுக்கே குறுக்கே பேசுவாய். அதனால்தான் கடிதம்.

குழந்தைகள், குடும்பங்களின் உடல்நலத்தைப் பற்றி ஆராயப் பல்கலைக்கழகத்துக்கு நான் கொடுத்த நன்கொடையை வெட்டிச் செலவு என்றாயே, அந்த ஆய்வைப் பார்க்க நேற்றுப் போயிருந்தேன். கண்ணாடிச் சுவர் வைத்த ஓர் அறையில் ஒரு குடும்பம் உட்கார்ந்து சாப்பிடும்; ஆய்வாளர்கள் வெளியிலிருந்து கவனிப்பார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருப்பவர்கள் அவர்கள் கண்ணுக்குத் தெரியமாட்டார்கள்.

உள்ளே வந்தது உன் மனைவியும் என் பேத்தி குட்டியும்.

"வெளியாட்கள் பாத்தாலும் பரவால்லன்னு இவங்களே எழுதிக் கொடுத்திருக்காங்கம்மா" என்றார் பேராசிரியர். உறவு அவருக்குத் தெரியாது.

குட்டியின் கை பட்டுப் பால் டம்ளர் கவிழ்ந்தது. யாரும் அதட்டவில்லை. அதற்குள் இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு, "அப்பாகிட்ட சொல்லாதம்மா" என்றாள்.

உன் மனைவி பாலைத் துடைக்கவில்லை. நிமிர்ந்து கண்ணாடியையே பார்த்தாள். நான் என்றைக்கு அங்கே போகிறேன் என்று போன வாரம் கேட்டு வைத்துக்கொண்டவள் அவள்தான். ஃபோனில் எப்போது விசாரித்தாலும், "நல்லா இருக்கோம் அத்தை" என்பாள். பக்கத்தில் நீ இருப்பாய்.

இருவரும் இப்போது என் வீட்டில் இருக்கிறார்கள். காலையில் குட்டி என் ரேடியோவைக் கீழே போட்டுவிட்டாள். உடனே கைகள் தலைக்குப் போய்விட்டன. நான் என் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். அவள் கையை இறக்க வெகுநேரம் ஆயிற்று.

நீ இங்கே வராதே. கதவைத் திறக்க மாட்டேன்.

இன்னமும்
உன் அம்மாதான்