கதவு நிறைய சிவப்பு ஸ்டிக்கர்

12.1.2025, ஞாயிறு

சின்னி,

நலமா என்று எழுத வந்து பேனாவை நிறுத்திவிட்டேன். அம்மா நலம் என்று எழுதினாலும் நீ நம்ப மாட்டாய். ஐந்தாம் வகுப்புப் படிப்பு, எழுத்து கோணலாகத்தான் வரும். போனில் தமிழ் அடிக்கக் கற்றுக்கொடுத்தபோது, "தப்பா இருந்தா இருக்கட்டும்மா, படிக்கிறவங்களுக்குப் புரியும்" என்றாயே, அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன். உன் கம்பெனி டிரெயினிங் நோட்டில் பின்பக்கம் நிறையத் தாள் காலியாக இருந்தது.

நீ போய் இருபத்து மூன்று நாள். நேற்றுதான் போலீஸ் ஸ்டேஷனில் உன் பையைக் கொடுத்தார்கள். லாரி எதிர்ப்பக்கமாக ஏறி வந்தது என்று அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். பை ஜிப்பு மூடினபடி இருந்தது. உள்ளே டிபன் டப்பா, துப்பட்டாவில் சுற்றின உன் போன். போனில் ஒரு கீறல் இல்லை. பின்னால் அந்தச் சிவப்பு ஸ்டிக்கர்கூட அப்படியே இருந்தது.

தினமும் கம்பெனி கேட்டில் ஒட்டி அனுப்புவார்கள். நீ வீட்டுக்கு வந்ததும் உரித்து, அறைக் கதவின் உள்பக்கம் ஒட்டுவாய். மூன்று வருஷத்து ஸ்டிக்கர், வரிசை வரிசையாக. "கதவுக்கு அம்மை போட்ட மாதிரி இருக்குடி" என்று திட்டுவேன், நீ சிரிப்பாய். இந்த ஒன்றை மட்டும் உரிக்காமல் போய்விட்டாய். நான் அதைத் தொடவில்லை.

உன் அம்மா
பூவம்மாள்

26.1.2025, ஞாயிறு

சின்னி,

ரோஜாத் தோட்டத்துக்குத் திரும்பப் போகிறேன். பிப்ரவரி காதலர் தினத்து ஆர்டர் வந்துவிட்டது, கிரீன்ஹவுஸில் நிற்க நேரமில்லை. கூட வேலை செய்கிற பொம்பளைகள் என்னைக் கண்டதும் அழுதார்கள். அப்புறம் ஒவ்வொருத்தியும் போனை எடுத்து, உன் வீடியோவில் கற்றுக்கொண்டதை எனக்குக் காட்டினாள். அசிங்கமாக மெசேஜ் போடுகிறவனை எப்படி பிளாக் பண்ணுவது, கடன் தருகிறேன் என்று வருகிற ஆப்பை எப்படிக் கண்டுபிடிப்பது. நம் எல்லைப் பக்கத்துப் பேச்சு மாதிரியே, நீ தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்துக்குப் போய்த் தெலுங்கில் முடிப்பாய். அதைக் கேட்டு அவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்துவிட்டேன். பன்னிரண்டாயிரம் பேர் உன்னைப் பார்க்கிறார்களாம். முகத்தைக் காட்டாதே என்று நான் உன்னோடு எத்தனை சண்டை போட்டிருக்கிறேன். அதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பழைய பஞ்சாயத்துத் தலைவர் திம்மப்பன் டீக்கடையில் பேசுகிறாராம். "போனைப் பார்த்துக்கிட்டே ரோட்டைத் தாண்டினா வேற என்ன ஆகும்?" என்று. வரும் ஞாயிறு ஊர்க்கூட்டம். கல்யாணம் ஆகாத பொண்ணுகள் கையில் போன் இருக்கக் கூடாது, வீடியோ போடக் கூடாது என்று முடிவு எடுக்கப் போகிறார்கள். "சுவாதிக்கு ஆனது நம்ம பொண்ணுங்களுக்கு ஆகக் கூடாது" என்று உன் பேரைச் சொல்லித்தான். கேட்டுவிட்டு அப்பா மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டார்.

செத்தவள் பேரில் பொய் சொன்னால் யார் வந்து கேட்பது என்று நினைத்துவிட்டார்கள். நான் இருக்கிறேன்.

அம்மா

3.2.2025, திங்கள்

என் சின்னி,

நேற்றுக் கோயில் முன்னால் நான் பேசினேன்.

யார் என்ன பேசினாலும் பதிவு பண்ணி வைத்துக்கொள் என்று நீ சொல்வாயே. உன் போனில் வீடியோவைத் திறந்து, சிவப்புப் பொட்டை அமுக்கி, நெஞ்சோடு பிடித்துக்கொண்டு போனேன். திம்மப்பன், போனால் ஊர் கெட்டது, பொண்ணுகள் கெட்டார்கள் என்று ஆரம்பித்தார். அந்த நேரம் பார்த்து ஆஞ்சப்பன் மாமா சட்டைப்பையில் ஒரு குத்துப்பாட்டு கத்தியது. கூட்டம் நடக்கும்போதே ரீல்ஸ் பார்த்திருக்கிறார். அணைக்கவும் தெரியவில்லை. "முதல்ல அதை வாங்கி வைங்க" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள், எனக்குப் பேச வழி கிடைத்தது.

"ஏம்மா பூவம்மா, உன் துக்கம் தெரியும். நீ உக்காரு" என்றார் திம்மப்பன்.

நான் உட்காரவில்லை. பையைத் தூக்கிக் காட்டினேன். "எம்பொண்ணு போனைப் பாத்துக்கிட்டுச் சாகலீங்க. போன் இந்தப் பைக்குள்ள இருந்துச்சு, ஜிப்பு பிரியல. லாரிதான் எதிர்ப்பக்கம் வந்துச்சு. லாரி ஓட்டினவன் பொண்ணு இல்ல. அவ பேரைச் சொல்லி எந்தப் பொண்ணு கையில இருந்தும் போனைப் பிடுங்காதீங்க. அவ பேரைச் சொல்லணும்னா, அவ சொல்லிக்கொடுத்ததைச் சொல்லுங்க."

இன்னும் பேசினேன். கட்டுப்பாடு வேண்டாம் என்று சொல்லவில்லை, சர்க்காரும் போடட்டும், ஊரும் போடட்டும். அசிங்கமாக எழுதுகிறவனுக்குப் போடுங்கள், அதைப் படித்து அழுகிற பொண்ணுக்கு ஏன் போடுகிறீர்கள் என்றேன். பின்வரிசையில் பிளஸ் டூ படிக்கிற பிரியா எழுந்து நின்றாள். அவள் பக்கத்தில் அவள் அம்மாவும் எழுந்தாள். அப்புறம் எத்தனை பேர் என்று நான் எண்ணவில்லை. முடிவை அடுத்த கூட்டத்தில் பார்ப்போம் என்று கலைத்துவிட்டார்கள்.

இத்தனை பேச்சு என்னிடம் எங்கே இருந்தது? உன்னிடம் கேட்டுக் கேட்டுப் படிந்ததாகத்தான் இருக்கும்.

உன் அம்மா

16.2.2025, ஞாயிறு

சின்னி,

கம்பெனியில் உன் லைனில் வேலை செய்கிற பூங்கொடி போன ஞாயிறு வந்தாள். ராமநாதபுரத்துப் பொண்ணு, சாப்பிடச் சொன்னால் மறுக்காது. கூட்டத்தில் எடுத்ததைப் போட்டுக் காட்டினேன். படமே இல்லை, முழுக்கக் கறுப்பு. என் குரல் மட்டும் கேட்டது.

"அம்மா, கேமரா மேல ஸ்டிக்கர் இருக்குல்ல. உள்ள யாரும் படம் எடுத்திரக் கூடாதுன்னுதான் கேட்டுல இதை ஒட்டுறாய்ங்க" என்று சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது. மூன்று வருஷமாக அதை நான் கேட்டைத் தாண்டி வந்ததற்கு அடையாளம் என்று நினைத்திருந்தேன்.

அப்படியே இருக்கட்டும் என்று, நீ வீடியோ போடுகிற பக்கத்தில் அதைப் போடச் சொன்னேன். கறுப்புப் படத்தை இத்தனை பேர் கேட்பார்கள் என்று யார் கண்டது. தமிழ், கன்னடம், தெலுங்கு என்று எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். ஒருவன் கெட்ட வார்த்தை எழுதினான். நானே பிளாக் பண்ணினேன், யாரையும் கேட்கவில்லை.

திம்மப்பன் கதையைக் கேள். போலீஸ் உடுப்பில் ஒருவன் வீடியோ காலில் வந்து, உன்னைக் கைது பண்ணியாச்சு, கேமராவை விட்டு நகராதே என்று மிரட்டினானாம். இவரும் பயந்து உட்கார்ந்திருக்கிறார். அவர் சம்சாரம் வந்து, "போலீசு போன்ல கைது பண்ணாதுன்னு சுவாதி சொல்லியிருக்கா, எந்திரிய்யா" என்று போனைப் பிடுங்கி அணைத்தாராம். குழாயடியில் அந்த அம்மாவே எல்லாரிடமும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அடுத்த கூட்டத்துக்குத் தேதியே வைக்கவில்லை. பொண்ணுகள் கையில் போன் இருக்கிறது.

எல்லாரும் என்னைச் சுவாதி அம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள். தலை நிமிர்ந்துதான் நடக்கிறேன்.

இப்படிக்கு
சுவாதி அம்மா

பி.கு: அடுத்த வீடியோவில் என் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று கேட்கிறார்கள். பின்பக்கக் கேமராவில் எடுத்துத் தருகிறேன் என்கிறாள் பூங்கொடி, அதற்கு இந்த ஸ்டிக்கரை உரித்தாக வேண்டும். நகத்தை வைத்து ஓரத்தை மட்டும் தூக்கிப் பார்த்தேன். கதவில் நீ ஒட்டிய கடைசி வரிசையில் இன்னும் ஒன்றுக்கு இடம் இருக்கிறது. இதை அங்கே ஒட்டட்டுமா, இல்லை எனக்கென்று கீழே ஒரு புது வரிசை ஆரம்பிக்கட்டுமா, சின்னி?