நிலாவுக்குப் போன உத்தரவு

அன்பு மருமகளே,

ஈரேழு உலகத்திலும் ஒருவரும் நம்பாத கதையைச் சத்தியம் செய்து சொல்கிறேன். தீர்ப்புக்கு முந்தின நாள், தலைவரின் தொண்டர்கள் ஏழு கோடிப் பேர் நீதிமன்றத்துக்குள் நுழைந்தார்கள். அவர்கள் விட்ட பெருமூச்சில் கூரை பிய்ந்தது. கூட்டத்தைச் சுடச் சொல்லித் தலைவர் கையெழுத்திட்ட உத்தரவு, கோர்ட் குமாஸ்தாவான நான் தைத்து வைத்த கோப்பிலிருந்து பறந்து நிலாவில் ஒட்டிக்கொண்டது.

அவர் விடுதலையானார். "ஒரு காகிதத்தைக் காப்பாத்தத் தெரியல, இவளெல்லாம் அரசு வக்கீலா?" என்று ஊரே உன்னை ஏசியது. "மாமா, நான் எங்க கோட்டை விட்டேன்?" என்று அழுதாய். நான் ஜோக் அடித்தேன்.

கூரை பத்திரமாக இருக்கிறது, கண்ணு. தலைவர் என் தோளில் கைபோட்டு, "அண்ணே, நீங்க நம்ம ஆளாச்சே" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. கோப்பிலிருந்து உத்தரவு போனது மட்டும் நிஜம். நூலைப் பிரித்தவன் நான். உத்தரவு இந்த உறைக்குள் இருக்கிறது. அப்பீல் போடு, கூண்டில் நான் ஏறுகிறேன்.

உன் தாய்மாமன்