எதிர் மாடியில் மூன்று பெட்டிகள்

மார்ச் 3, செவ்வாய்

எதிர்க் கட்டிடத்து மொட்டைமாடியில் இன்று ஆட்கள் ஏறினார்கள். எங்கள் போன் கம்பெனி வேகமான புதிய சேவையைக் கொண்டுவருகிறதாம். ஒரே கம்பத்திலிருந்து பல அலைவரிசைகள். வாசலில் கிடந்த துண்டுத்தாளை இரண்டு முறை படித்தேன். ஓய்வு பெற்றதிலிருந்து அளந்து பார்க்க எதுவும் இல்லாமல் கை அரித்துக்கொண்டிருந்தது. இதையாவது முறையாகக் கவனித்து எழுதலாம். எழுத வேண்டியவை:

1. இப்போது வீட்டில் எங்கெங்கே சிக்னல் கிடைக்கிறது.
2. எதிர் மாடியில் என்ன வேலை நடக்கிறது, அந்தப் பெட்டிகள் என்ன செய்கின்றன.
3. புதிய சேவை வந்தபின் எங்கெங்கே கிடைக்கிறது.
4. முடிவு: இதனால் எங்கள் இருவர் வாழ்க்கையில் எந்த மாற்றமும் இராது.

முடிவை முதலிலேயே எழுதுவது முறையல்ல. தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் தலை நரைத்தவனுக்கு இது தெரியாதா? தெரியும். இருந்தாலும், மாத்திரை டப்பாவைத் திறக்கவே நேரம் எடுத்துக்கொள்ளும் இரண்டு பேருக்கு மின்னல் வேகம் எதற்கு?

மார்ச் 4, புதன்

முதல் பகுதி. கூடத்தில் சிக்னல் இல்லை. படுக்கையறையில் இல்லை. குளியலறையில் எப்போதாவது ஒரு கோடு வருகிறது, அது யாருக்கு வேண்டும்? சமையலறை ஜன்னலில் மட்டும் இரண்டு கோடு, சில சமயம் மூன்று. அதுவும் இடது ஓரத்தில்.

போனைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு அறை அறையாக நடந்ததை மனைவி பார்த்துவிட்டாள்.

"என்னங்க, ஒட்டடை அடிக்கிறீங்களா? அப்படியே அந்த மூலையையும் அடிச்சிடுங்க."

மார்ச் 7, சனி

சனிக்கிழமை. மகள் போன் செய்யும் நாள்.

இந்தக் குறிப்பில் குடும்ப விஷயம் வரக்கூடாது என்று நினைத்திருந்தேன். ஆனால் சிக்னலைப் பற்றி எழுதிவிட்டு, அது எதற்குப் பயன்படுகிறது என்று எழுதாமல் விடுவது அரைகுறை அறிக்கை.

மனைவி ஜன்னலின் இடது ஓரத்தில் முழங்கையை ஊன்றி நின்று பேசுவாள். நான் சாப்பாட்டு மேசையில் செய்தித்தாளுக்குப் பின்னால் இருப்பேன். எனக்குக் கேட்பது பாதிப் பேச்சு. மீதிப் பாதியை நானே நிரப்பிக்கொள்வேன்.

"சொல்லும்மா... ம்... எப்போ?... ஐயோ, அது ஒண்ணும் இல்லடி, எனக்கும் அப்படித்தான் இருந்துது... மாப்பிள்ளை என்ன சொல்றார்?... சிரிக்காதே... எலுமிச்சம்பழம் அளவா? அதுக்குள்ளயா?"

இதிலிருந்து நான் கண்டது: நாலாவது மாதம், குமட்டல் குறைந்திருக்கிறது, மாப்பிள்ளை ஏதோ அசட்டுத்தனமாகப் பேசியிருக்கிறார், குழந்தை வளர்கிறது.

இதற்கு முன் இரண்டு முறை கரு தங்கவில்லை. இரண்டாவது முறை செய்தி கேட்டு நான் மயங்கி விழுந்தேன். அன்றிலிருந்து எனக்கு வரும் செய்தியெல்லாம் வடிகட்டிய தண்ணீர். மனைவியைக் கேட்டால் "நல்லா இருக்கா" என்பாள். அதற்கு மேல் ஒரு சொட்டு விழாது. மகளிடமே கேட்கலாமே? அவளும் நானும் போனில் பேசினால் இப்படித்தான்: "சாப்பிட்டியாப்பா?" "சாப்பிட்டேன். நீ?" "சாப்பிட்டேன்." "சரி, அம்மாகிட்ட தரேன்." பேச்சில் அவள் என்னைப் போலத்தான். பாவம்.

ஆகவே ஜன்னல்.

மார்ச் 12, வியாழன்

இரண்டாம் பகுதி. எதிர் மாடியில் மூன்று அளவில் வெள்ளைப் பெட்டிகள் கம்பத்தில் ஏறிவிட்டன. இடுப்பில் கயிறும் கொக்கியுமாக ஏறுகிற ஆள் மதியம் வாசல் நிழலில் உட்கார்ந்திருந்தார். கேட்கலாமா வேண்டாமா என்று தெருவை இரண்டு தரம் கடந்தேன். அவரே கேட்டுவிட்டார்.

"என்ன ஐயா, எதையாவது தொலைச்சிட்டீங்களா?"

"இல்ல... மூணு பெட்டி எதுக்குன்னு..."

"மூணும் மூணு குணம் ஐயா. பெரிசு இருக்கே, அது மெதுவாப் போகும். ஆனா சுவரு, மாடிப்படி எல்லாத்தையும் தாண்டி உள்ள வந்துடும். அந்தச் சின்னது பேய் வேகம். ஆனா குறுக்க ஒரு மரம் நின்னா கோவிச்சுக்கும். நடுவுல இருக்கறது ரெண்டுக்கும் பொது."

"அப்போ போன் எதைக் கேக்கும்?"

"எல்லாத்தையும் கேக்கும். எது தோதோ அதைப் புடிச்சுக்கும். வேணும்னா ரெண்டு மூணைச் சேத்தும் புடிக்கும். மருமக மாதிரி வெச்சுக்குங்களேன். வீட்டுல யார் பேச்சு எடுபடுதோ அவங்க பக்கம்."

பழைய சேவை என்ன ஆகும் என்றேன். அதைப் பிடுங்கி அந்த அலையையும் புதியதற்கே கொடுத்துவிடுவார்களாம். எப்போது என்றால் மேலே கையைக் காட்டினார். கம்பெனியையா, ஆகாயத்தையா, தெரியவில்லை. துண்டுத்தாளிலும் 'படிப்படியாக நிறுத்தப்படும்' என்றுதான் இருக்கிறது. எங்கள் அலுவலகத்தில் 'படிப்படியாக' என்று ஒரு சுற்றறிக்கை வந்தால், அது நடப்பதற்குள் நாம் ஓய்வு பெற்றுவிடுவோம்.

மூன்றாம் மாடி வக்கீல் படியில் மடக்கினார். "சார், டவர் வந்தா முடி கொட்டுமாமே?" அவர் தலையில் கொட்டுவதற்கு எதுவும் இல்லை. நான் சொல்லவில்லை.

மார்ச் 21, சனி

புதிய சேவை வந்துவிட்டது. கூடத்தில் நாலு கோடு. படுக்கையறையில் நாலு. அலமாரிக்குள் வைத்து மூடினாலும் மணி அடிக்கிறது. சுவர் தாண்டும் அலை எதுவென்று புரிந்தது. மகிழ்ச்சியாக இருந்தது. மாலை வரை.

மகள் போன் செய்தாள். மனைவி ஜன்னலுக்குப் போகவில்லை. "அப்பாடா, முட்டிக்கு விடுதலை" என்று படுக்கையறைக்குப் போய்க் காலை நீட்டிப் படுத்துக்கொண்டாள். தெருச் சத்தத்துக்காகக் கதவையும் சாத்திவிட்டாள்.

எனக்கு ஒரு முணுமுணுப்புதான் கேட்டது.

"என்ன சொன்னா?" என்று கேட்டேன்.

"நல்லா இருக்கா."

மார்ச் 24, செவ்வாய்

நாற்காலியைப் படுக்கையறைச் சுவரோரம் நகர்த்தினேன். வெளிச்சத்துக்காக என்று சொன்னேன். அங்கே வெளிச்சம் இல்லை.

மார்ச் 28, சனி

சுவர் வழியே ஒரே ஒரு சொல்தான் தெளிவாகக் கேட்டது. "பயப்படாதே." பிறகு மறுபடியும் அதே சொல்.

எதற்குப் பயப்பட வேண்டாம்? யார் பயப்படுகிறார்கள்? வெளியே வந்தவளின் முகத்தைப் பார்த்தேன். "நல்லா இருக்கா. செய்தித்தாளைத் தலைகீழாப் பிடிச்சிருக்கீங்க" என்றாள்.

ஏப்ரல் 1, புதன்

மனைவி குளிக்கப் போயிருந்தபோது அவள் போனை எடுத்தேன். அமைப்புகளுக்குள் போனால், எந்தச் சேவையைப் பிடிக்க வேண்டும் என்று நாமே தேர்ந்தெடுக்க முடிகிறது. 'தானாக' என்று இருந்ததைப் 'பழையது மட்டும்' என்று மாற்றினேன். என் போனிலிருந்து அழைத்துச் சோதித்தேன். படுக்கையறையில் எதுவும் இல்லை. சமையலறை ஜன்னல், இடது ஓரம்: இரண்டு கோடு. முதல் பகுதியில் எழுதியது அப்படியே.

பரிசோதனை என்று எழுத நினைத்தேன். பரிசோதனையில் யாருக்கும் தெரியாமல் போனைத் திருப்பி வைக்க மாட்டோம். இதற்கு வேறு பெயர்.

ஏப்ரல் 4, சனி

மனைவி மறுபடி ஜன்னலில்.

"புதுசாம் புதுசு! வந்த சுருக்கிலயே பல்லைக் காட்டிடுச்சு" என்று எதிர் மாடியைப் பார்த்துத் திட்டினாள். நான் செய்தித்தாளை நேராகப் பிடித்திருந்தேன்.

"ம்... வளர்ச்சி கம்மின்னு சொன்னாளா, இல்ல பாக்கணும்னு சொன்னாளா?... ரெண்டும் வேறடி... வியாழக்கிழமையா? மாப்பிள்ளை அன்னிக்கு ஊர்ல இருக்க மாட்டாரே... தனியாவா போவே?... அப்பாவுக்கா? சொல்லலை. வேண்டாம்."

ஆக, வியாழக்கிழமை ஸ்கேன். வளர்ச்சி போதவில்லையோ என்று டாக்டருக்குச் சந்தேகம். தனியாகப் போகிறாள். எனக்குத் தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது. மயக்கம் வரவில்லை.

பேசும்போது மனைவி காலை மாற்றி மாற்றி நின்றாள். ஒரு கையால் முட்டியைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். அந்த முட்டியை நிற்க வைத்தது நான். அமைப்பை இன்றே மாற்றிவிட வேண்டும்.

வியாழன் முடியட்டும். முடிந்ததும் மாற்றிவிடுகிறேன். சத்தியமாக.

ஏப்ரல் 9, வியாழன்

நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

மதியம் மனைவி மருந்துக் கடைக்குப் போனாள். மகள் அழைத்தால் எடுக்க வேண்டும் என்று போனைக் கையிலேயே பிடித்துக்கொண்டு போனாள். அவள் போன கொஞ்ச நேரத்தில் என் போன் அடித்தது. மகள்.

"அப்பா, அம்மா போன் போகவே மாட்டேங்குது. தொடர்பு எல்லைக்கு வெளியேன்னே வருது. அம்மா எங்க?"

உடனே புரிந்துவிட்டது. பழையதைப் பிடுங்கிவிட்டார்கள். படிப்படியாக இல்லை, ஒரே படியில். என் மனைவி கையில் ஒரு செத்த போனோடு கடையில் நிற்கிறாள். கொன்றது நான்.

"கடைக்குப் போயிருக்கா. வந்ததும்..."

"சரி" என்றாள். ஆனால் வைக்கவில்லை. பின்னால் யாரோ இருமினார்கள், ஒரு கதவு திறந்து மூடியது.

"ஸ்கேன் எடுக்கற இடத்துலயாம்மா இருக்கே?"

"ஆமா. எனக்கு முன்னாடி ஆள் இருக்கு... உனக்கு எப்படித் தெரியும்?"

என்ன சொல்வது? வாயில் வந்ததைச் சொன்னேன். "அலைவரிசை."

"என்னது?"

அம்மாவிடம் தருகிறேன் என்று சொல்ல அம்மா இல்லை. வேறு வழியில்லாமல் எதிர் மாடியில் மூன்று பெட்டிகள் வந்த கதையை ஆரம்பித்தேன். மெதுவாகப் போய்ச் சுவர் தாண்டுவது, பேய் வேகத்தில் போய் மரத்திடம் கோபித்துக்கொள்வது, நடுவில் உள்ளது. கயிற்றுக்காரர் சொன்ன மருமகள் உவமையையும் சொன்னேன். சிரித்தாள். உண்மையாகவே சிரித்தாள்.

"மரம் குறுக்க வந்தா ஏம்பா நிக்குது?"

"இலையில தண்ணி இருக்கில்ல? அந்த அலையைத் தண்ணி குடிச்சிடும்."

"தண்ணின்னதும் உனக்குக் குரல் மாறுது பாரு. அப்போ வயித்துல இருக்கறதும் தண்ணிக்குள்ளதானே இருக்கு? ஸ்கேன் எப்படிப் பாக்கும்?"

இது எனக்குத் தெரிந்த விஷயம். தெரிந்ததைச் சொல்லும்போது எனக்கு நாக்கு குழறாது என்பதே இன்றுதான் தெரிந்தது. "அது இந்த மாதிரி அலை இல்லம்மா. சத்தம். நம்ம காதுக்கு எட்டாத சத்தம். சத்தம் காத்துல போறதைவிடத் தண்ணியில நல்லாப் போகும். போய்த் தொட்டுட்டுத் திரும்பி வரும். தண்ணி அதுக்குத் தடை இல்ல. அதுதான் வழியே."

"இன்னொரு தரம் சொல்லு."

சொன்னேன்.

"பயமா இருக்குப்பா."

தைரியமாக இரு என்றுதான் தகப்பன் சொல்ல வேண்டும். "எனக்கும்" என்றேன். அவள் மூச்சு விட்டது கேட்டது. அழுகை இல்லை, பாரம் இறக்கி வைத்தது போல ஒரு மூச்சு.

யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். "வைக்காதேப்பா. பையில போட்டுக்கறேன்" என்றாள். அதற்குப் பிறகு எனக்குக் கேட்டதெல்லாம் பைக்குள் சாவி உரசும் சத்தம், நாற்காலி இழுபடும் சத்தம், ஏதோ பேச்சு. ஒரு சொல்லும் புரியவில்லை. ஒட்டுக் கேட்பதில் இத்தனை பழக்கம் இருந்தும்! நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தேன். கூடத்து நடுவில், ஜன்னலுக்குப் பக்கத்தில்கூட இல்லை.

"அப்பா, இருக்கியா?"

"இருக்கேன்."

"நல்லாத் துடிக்குது. கொஞ்சம் சின்னதுதானாம். நான் படுத்தே இருக்கணுமாம், கடைசி வரைக்கும். ஆனா நல்லாத் துடிக்குது."

அப்போதுதான் உட்கார்ந்தேன். மயங்கி விழவில்லை. உட்கார்ந்தேன், அவ்வளவுதான்.

ஏப்ரல் 10, வெள்ளி

மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நேற்று கடையிலிருந்து வந்தவள், மகளின் செய்தியை என் வாயால் கேட்ட அதிர்ச்சியிலேயே இருந்தாள். போன் செத்ததற்குக் காரணம் இன்றுதான் தெரிந்தது.

செத்த போனை மேசையில் வைத்தாள். பிறகு ஆரம்பித்தாள்.

"ஒட்டுக் கேக்கறதுக்கு ஒரு டவரையே கவுத்தீங்களே. நேத்து அவ உங்களுக்குப் பண்ணலைன்னா? தனியா உக்காந்திருப்பா, தெரியுமா?"

"தெரியும்."

"என்னைக் கேட்டிருக்கலாம் இல்ல?"

"கேட்டா நல்லா இருக்கான்னுதானே சொல்லுவே."

"பின்னே? நீங்க விழுந்தா யாரு தூக்கறது? என் முட்டி இருக்கற லட்சணத்துல!"

"நேத்து விழலையே."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். விலை சொல்லாத பொருளைப் பார்ப்பது போல.

"ஆமா," என்றாள். "விழலை."

போனை என் முன்னால் நீட்டினாள். 'தானாக' என்று மாற்றிக் கொடுத்தேன்.

ஏப்ரல் 11, சனி

மகள் போன் செய்தாள். என் போனுக்கு. முதல் கேள்வி: "நடுவுல இருக்கற பெட்டியைப் பத்திச் சரியாச் சொல்லவே இல்லியேப்பா?" நடுவில் இருப்பதைப் பற்றி எனக்கே சரியாகத் தெரியாது. கயிற்றுக்காரரைத் தேடிப் போனேன். வேறு தெருவுக்குப் போய்விட்டாராம். திங்கட்கிழமை அங்கே போய்க் கேட்க வேண்டும்.

ஏப்ரல் 18, சனி

நாளை காலை ரயில். மகள் படுத்தே இருக்க வேண்டும் என்பதால் இருவரும் அவள் வீட்டுக்குப் போகிறோம். பிரசவம் முடியும் வரை. அம்மா மட்டும் போனால் போதாதா என்று கேட்டேன். "அம்மா சமைப்பாங்க. நீ பேசணும். நாள் பூராப் படுத்துக்கிட்டுக் கூரையையே பாக்க முடியாது" என்றாள் மகள். நான் பேச வேண்டுமாம். என்ன பேசுவது? சில தலைப்புகளைக் குறித்து வைத்திருக்கிறேன். ஒலி எப்படித் தண்ணீரில் போகிறது என்பது அதில் இல்லை, அது அவளுக்கு மனப்பாடம்.

மனைவி பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறாள். "அந்த நோட்டையும் எடுத்துக்குங்க, அங்க போய் அவ வீட்டுச் சிக்னலை அளக்கலாம்" என்கிறாள். கிண்டல்தான். ஆனாலும் பையில் வைத்துவிட்டேன்.

வைப்பதற்கு முன் முதல் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். ஒன்று, இரண்டு, மூன்று ஒருவாறு முடிந்தன. நான்காவது, எந்த மாற்றமும் இராது என்று எழுதியது, தவறு. எங்கள் பரிசோதனைக் கூடத்தில் பிழையான முடிவை யாரும் அடித்து அழிக்கமாட்டோம். அது தெரியும்படியே இருக்க, பக்கத்தில் 'தவறு' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவோம். போட்டுவிட்டேன்.