நீலப்பூக் கிண்ணம்

அன்புள்ள அம்மா,

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். நீங்களும் அப்பாவும் ஆடுகளும் நலமா? நானும் நலமே. கையிலுள்ள மருக்கள் மட்டும் விரல்நுனி வரை வந்துவிட்டன.

நேற்று விடுதியில், இளையவள் என்பதால் தேநீர் ஊற்றும் முறை எனக்கு வந்தது. என் கையைப் பார்த்ததும், தேநீர் வேண்டாம் என்று எல்லோரும் கிண்ணங்களைக் கவிழ்த்துவிட்டார்கள். தெரியாமல் பயப்படுகிறார்கள் என்று நினைத்து, பிஷ்கேக் நகர மருத்துவர் சொன்னதை விளக்கினேன். என் வெள்ளணுக்களின் மேலிருக்கும் கெமோகைன் ஏற்பி என்ற புரதம் பழுதாகி, அவற்றை எலும்பு மஜ்ஜையிலேயே பிடித்து வைத்துக்கொள்கிறது, கிருமியோடு சண்டையிட அவை வெளியே வருவதில்லை, அதனால்தான் இந்த மருக்கள் என்றேன்.

"அதுங்களே உள்ள அடங்கிக் கெடக்குதுல்ல? நீயும் ரூம்லயே கெடயேன்டி!" என்றாள் கூடப் படிக்கும் பெகிமாய். எல்லோரும் சிரித்தார்கள்.

விடுதியைப் பார்த்துக்கொள்ளும் சைரா அக்கா என் கிண்ணத்தில் சிவப்பு நூல் கட்டினார். "கோவிச்சுக்காத கண்ணு, உன்னோடது மாறிடக் கூடாதுல்ல?" என்றார்.

வீட்டில் எனக்கு மட்டும் நீலப்பூக் கிண்ணம் தந்தபோது நீங்களும் இதையேதான் சொன்னீர்கள், அம்மா. நான் அதைச் செல்லம் என்று நினைத்திருந்தேன்.

கம்பளிக் கையுறை அனுப்புங்கள். விடுமுறைக்கு வந்தால் எந்தக் கிண்ணத்தில் தேநீர் தருவீர்கள் என்று மட்டும் எழுதுங்கள்.

உங்கள் மகள் சாய்கல்.

பி.கு.: விடுதியில் விளக்கை அணைத்துவிட்டார்கள். இத்துடன் முடிக்கிறேன்.