நண்டுக் குஞ்சுகளுக்குத் தீர்த்தம்

1978 ஏப்ரல் 12, புதன்

வருடக்கணக்காக என் கண்ணாடித் தொட்டியில் நண்டுக் குஞ்சுகள் நண்டாகும் முன்பே செத்துப்போகின்றன. இது கடைசித் தொட்டி. இதுவும் போனால் ஆராய்ச்சியை விட்டுவிடுவதாக இருந்தேன்.

நேற்று பங்குச் சாமியார் வீடு மந்திரிக்க வந்தார். என் மனைவி ரெஜினா அவரை நேராகத் தொட்டியிடம் அழைத்துப் போனாள்.

"சாமி, இவுங்க வளக்குறதெல்லாம் செத்துப்போவுது. இதுக்கும் கொஞ்சம் தெளிங்க."

"இதுவும் ஆண்டவர் படைச்சதுதானம்மா" என்று செம்பிலிருந்த தீர்த்தம் முழுவதையும் கவிழ்த்துவிட்டார். சுத்தமான கடல்நீருக்காகத் தினமும் படகேறுகிற நான், பல்லைக் கடித்துக்கொண்டு தோத்திரம் சொன்னேன்.

இன்று மாலை பார்த்தால், தொட்டியின் அடியில் குட்டி நண்டுகள் பக்கவாட்டில் நடக்கின்றன. இவை அரசலாற்று முகத்துவாரத்து நண்டுகள். கடல்நீரில் உப்பில்லாத நல்ல தண்ணீர் கலந்தால்தான், ஆறு வந்துவிட்டதென்று தெரிந்து குஞ்சுகள் நண்டாகும் போலிருக்கிறது.

"இப்பவாவது நம்புறீங்களாங்க?" என்றாள் ரெஜினா. என் கண் கலங்கியிருந்தது. மைக்ராஸ்கோப்பின் மேல் பழியைப் போட்டேன்.

இனி இரண்டு தொட்டி வைத்துப் பார்க்க வேண்டும். ஒன்றில் தீர்த்தம், ஒன்றில் கிணற்றுத் தண்ணீர். இரண்டிலும் நண்டு நடந்தால், ரெஜினாவுக்குத் தீர்த்தத் தொட்டியை மட்டும் காட்டுவேன். இத்தனை வருடம் இந்தக் கடல் நாற்றத்தோடு குடித்தனம் செய்தவளுக்கு அதுகூடச் செய்யாவிட்டால் எப்படி?