லேப்டாப்பில் என் பெயர்

நவம்பர் 12, புதன்

கேம்களை விருப்பப்படி மாற்றும் ‘மோட்’களை எழுத உதவும், யாரும் திருத்தக்கூடிய ஒரு மென்பொருளில் தமிழ் எழுத்துகள் உடைந்து தெரிகின்றன. நான் அதைத் திருத்திவிட்டேன். என் லேப்டாப்பில் அதை பில்ட் செய்து, அதாவது ஓடக்கூடிய நிரலாக்கி, ஓட்டிக் காட்டினால்தான் அதை நடத்துபவர்கள் என் திருத்தத்தைச் சேர்த்துக்கொள்வார்கள். நாளையோடு கெடு முடிகிறது.

நாங்கள் இருக்கும் தோட்டத்து லயத்தில் சிக்னல் நிற்பதில்லை. காலையிலேயே பஸ் ஏறி, பெரகலையில் சித்தப்பாவின் போன் கடையில் உட்கார்ந்து தேவையானதையெல்லாம் டவுன்லோட் செய்தேன். ஆறு தடவை பில்ட் செய்தேன். ஆறு தடவையும் பாதியில் நின்றது. மாலையில்தான் பிழைச் செய்தியை ஒழுங்காகப் படித்தேன். லேப்டாப்பில் என் கணக்கின் பெயர் ‘செல்வராணி’; என் ஃபோல்டருக்கும் அதே பெயர். தமிழில் இருப்பதால் பில்ட் கருவியால் அதைத் திறக்க முடியவில்லை.

லேப்டாப் வாங்கிய அன்று அப்பாதான் அப்படி வைக்கச் சொன்னார். “என் ஐடென்டிகார்டு முழுக்கச் சிங்களம். இதுலயாவது ஒம்பேரு தமிழ்ல இருக்கட்டும் புள்ள.”

வீட்டுக்கு வந்ததும், “சரிவந்துச்சா?” என்று கேட்டார்.

“இன்னும் இல்லப்பா.” காரணத்தைச் சொல்லவில்லை.

அவர் படுத்த பிறகு, என் பெயரை இங்கிலீஷில் எழுதி லேப்டாப்பில் புதுக் கணக்குத் திறந்தேன். பில்ட் முதல் தடவையிலேயே ஓடியது. கேமுக்குள் ‘வணக்கம்’ உடையாமல் நிற்கிறது. அப்பாவை எழுப்பிக் காட்டலாம். எழுப்பினால் திரையின் மேல்மூலையில் இங்கிலீஷில் இருக்கும் என் பெயரையும் பார்ப்பார்.