உயிரோடிருப்பவர் படம்

ஸ்தலசயனப் பெருமாள் துணை.

அன்புள்ள உங்களுக்கு,

மகாபலிபுரம் கடற்கரையில் சினிமா எடுக்கிறார்கள். உலகமே அழிந்துபோய் ஒரு பெண் குழந்தை மட்டும் மிஞ்சுகிற கதையாம். அதற்கு நம் ரத்னாவைப் பிடித்துவிட்டார்கள். தலையில் சாம்பலை அப்பி, கிழிந்த பாவாடை கட்டி, பாறைமேல் உட்கார வைத்தார்கள். அவளுக்கு ஒரே குஷி.

நேற்று, செத்துப்போன அப்பாவின் படம் ஒன்று வேண்டும் என்றார்களாம். இவளே ஓடிவந்து பெட்டியிலிருந்த உங்கள் படத்தை எடுத்துப் போயிருக்கிறாள். நான் மோர் கொண்டுபோனபோது, அதற்கு அடம்பங்கொடியில் மாலை கட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள். காமிரா ஓடிக்கொண்டிருந்தது. நான் நடுவே புகுந்து மாலையைப் பிய்த்து எறிந்தேன்.

"இன்னாம்மா, சினிமாதானே!" என்று டைரக்டர் சிரித்தார்.

"உயிரோட கீற மன்சனுக்கு மாலை போடுவாங்களா? வேற படம் பாத்துக்குங்க" என்றேன்.

வரும் வழியில் ரத்னா கேட்டாள்: "அப்பா உயிரோட கீறாருன்னு உனுக்கு எப்டிம்மா தெரியும்? லெட்டரே வர்லியே."

"பம்பாய்ல வேலை ஜாஸ்தி. வாயை மூடிக்கினு நட."

உங்களுக்கு அங்கே வேறு குடும்பம் என்று ஊரில் பேசுகிறார்கள். இருக்கட்டும், நான் கேட்க மாட்டேன். ஒரு கார்டில் உங்கள் கையால் அவள் பெயரை மட்டும் எழுதிப் போடுங்கள். இப்போது எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள்.

அந்தச் சினிமாக் கதையில்தான் அவளுக்கு யாரும் இல்லை.

இப்படிக்கு,
உங்கள் பேரில் இன்றும் குங்குமம் இட்டுக்கொள்கிறவள்